டீசல் ஊற்றும் நேரத்தில் ஒரு சூப்பர்நோவா

2023 மே மாதம். குருசுக்குப்பத்தில் எங்கள் தெரு மாதா கோயில் திருவிழா. அன்றைக்குப் பார்த்துத்தான் கல்லூரித் தோழியின் தொலைநோக்கி இரவலாகக் கிடைத்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போகிறாள். வடக்கே சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், இரண்டு கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு சுருள் கேலக்ஸியில் நட்சத்திரம் ஒன்று வெடித்திருந்தது. அந்த ஒரு மாலையை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பே இல்லை!

மாடி ஏறினால், வடக்கு வானத்தை அடைத்துக்கொண்டு அலங்கார விளக்கு வளைவு தகதகவென எரிகிறது. எதைப் பார்ப்பது? கீழே ஓடி, ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்த லைட் செட் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“திருவிழால லைட்ட அணைக்கச் சொல்ற மொத ஆளு நீதான் தங்கச்சி” என்று சிரித்தார். பிறகு, “தேர் கெளம்புறதுக்கு முன்ன டீசல் ஊத்த எப்படியும் நிறுத்தணும். அந்த கேப்புல பாத்துக்க” என்றார்.

நான் மாடிக்குத் திரும்பியதும் நிறுத்தினார். தெரு இருண்டது. வான்படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. டீசல் கேன் எப்போதோ காலியாகியிருக்கும். தெருவில் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

“யோவ் லைட்டு, தூங்கிட்டியா?”

“தேருக்கு மெழுகுவத்தி புடிக்கணுமா நாங்க?”

அவர் மட்டும் நிதானமாக, “டீசல்ல தூசிப்பா, வடிகட்டுறேன்” என்றார். உடனே மாடியைப் பார்த்து, “ஆச்சா?”

ஆச்சு! படத்தில் இல்லாத ஒரு புள்ளி. எங்கள் தெரு இருண்டிருந்தாலும் ஊர் வெளிச்சத்தில் கேலக்ஸி துளியும் தெரியவில்லை. அத்தனை கோடி நட்சத்திரங்களும் காணாமல் போக, வெடித்துச் செத்த அந்த ஒன்று மட்டும் தனியாக நின்றது.

“ஆச்சுண்ணா!” வளைவு மறுபடி எரிந்தது.

இறங்கிப்போய்ச் சொன்னேன். “புள்ளிதானா? இதுக்கா இவ்ளோ திட்டு வாங்குனேன்!” என்றார். போனில் அந்த கேலக்ஸியின் பழைய படத்தைக் காட்டினேன். சுருள் சுருளான கைகள், நட்சத்திரங்கள் பிறக்கும் இளஞ்சிவப்புத் திட்டுகள், அதில் ஒன்றின் ஓரத்தில் வெடித்த இடம்.

“பொறந்த எடத்துலயே செத்துப்போச்சா?”

“ரொம்பப் பெரிய நட்சத்திரம்ணா. சீக்கிரமே எரிஞ்சு தீந்துடும், தள்ளிப்போக நேரம் இருக்காது.”

“இன்னா அவசரம் அதுக்கு” என்று முணுமுணுத்தவர், தேர் நகரவும் எழுந்து ஓடினார்.

அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அந்த வெடிப்பு நினைவுக்கு வருகிறது. ஆனால், தான் பார்க்கவே போகாத ஒன்றை யாரோ ஒருத்தி பார்க்கட்டும் என்று தெருவின் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு இருட்டில் நின்றாரே, அந்த மனிதர்தான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.