சக்கரத்தை வலம் வந்தேன்

வள்ளியூரில் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். புறப்படும் வேளையில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் முன்சக்கரம் காற்றிறங்கிக் கிடந்தது. மாற்றுச் சக்கரத்தை நானே பூட்டினேன். வண்டி ஜாக்கியின்மீது நிற்கும்போதே ஒவ்வொரு நட்டாக இறுக முறுக்கி, வலமாகச் சுற்றி முடித்தேன்.

வண்டியை ஓட்டியவள் என் மனைவி. நாங்குநேரியை நெருங்குகையில் வேகத்தைக் குறைத்தாள்.

"ஏங்க, முன்னால கடகடன்னு சத்தம் கேக்குல்லா?"

"ரோடு அப்படி. நீ போ."

அவள் ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தால், நட்டுகள் விரலுக்கே சுழன்றன! இன்னும் சற்றுத் தூரம் சென்றிருந்தால் சக்கரம் கழன்று, எங்களுக்கு முன்பே நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கும்.

"வரிசையாச் சுத்தியா முறுக்குனீங்க? சக்கரம் என்ன நவக்கிரகமா? எதிரும் புதிருமால்லா முறுக்கணும்! இல்லன்னா சக்கரம் ஒருபக்கமாச் சாஞ்சு உக்காந்து, ஓட ஓட நட்டு லூசாயிரும்."

சிரித்தபடியே மீண்டும் ஜாக்கியை ஏற்றச் சொன்னாள். நட்டுகளை முழுதும் தளர்த்தி, சக்கரத்தைச் சரியாகப் பொருத்தி, அவள் சொன்னபடி முறுக்கினேன்.

அன்று முதல், எதிரெதிர் நட்டுகளைச் சிறிது சிறிதாக முறுக்குகிறேன். சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே முழுதாக இறுக்குகிறேன். கொஞ்சத் தூரம் ஓடியதும் இறங்கி மறுபடி சோதிக்கிறேன். வலம் வருவதைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டேன்.