எதிராளியைத் தேடிப் போகிறவள்

“நோயாளிகிட்ட டாக்டர் பொய் சொல்லலாம்னு ஏன் நினைக்கிறீங்க? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, நோட்டை முழங்கையில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். எதிரில் இருப்பவர் நூலக வாசல் காவலர். பைகளைச் சோதிப்பதுதான் அவர் வேலை.

“நான் எப்பம்மா அப்படி நினைச்சேன்?”

“போன வாரம் சொன்னீங்களேண்ணே, உங்க மச்சானுக்கு என்ன நோய்னு சொல்லாம, டாக்டர வெச்சு சாதாரண அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்னு.”

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். வசமாக மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது.

தத்துவம் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுதியில் அவளுக்குப் பெயர் ‘எதிர்க்கட்சி’. வாதக் கட்டுரைக்கு ஒரு விதி உண்டு: தன் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் மிக வலுவானதை எடுத்து வைத்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மற்ற மாணவர்கள் அந்த எதிர்வாதத்தைத் தாங்களே தயாரிப்பார்கள், தட்டினால் விழும்படி. அவளுக்கு அது ஆகாது. “பொம்மைய நிக்கவெச்சு அடிக்கிறதுக்கு எதுக்கு இத்தனை பக்கம்?” என்பாள். அந்தக் கருத்தை நிஜமாகவே நம்புகிற ஆளைத் தேடிப் பிடித்து, சொல்வதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, “இதானே சொன்னீங்க?” என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நோட்டை மூடுவாள். விடுதிச் சமையல்காரர் இப்போதெல்லாம் அவளைக் கண்டால் கரண்டியோடு உள்ளே போய்விடுகிறார்.

நடை ஒன்றும் பிரமாதமில்லை. வாக்கியங்கள் கட்டையானவை, பக்கத்துக்கு நான்கு ‘ஆகவே’. ஆனால் அவள் கட்டுரையில் எதிராளி உயிரோடிருப்பான்.

இந்தப் பருவத்தின் கடைசிக் கட்டுரை, மன்னிப்புக் கேட்டவரை மன்னித்தே ஆக வேண்டுமா என்பது. வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. பேராசிரியை திருப்பிக் கொடுத்த பிரதியின் ஓரத்தில் சிவப்பு மை: ‘எதிர்வாதம் நோஞ்சான். திங்கட்கிழமைக்குள் மாற்றித் தராவிட்டால் தேர்ச்சி இல்லை.’ முதன்முறையாக வழக்கத்தை மீறி, எதிர்வாதத்தை அவளே புனைந்திருந்தாள். யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை.

அவள் ஆறாவது படிக்கும்போது வீட்டை விட்டுப் போன அப்பா, ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அம்மா அழுதாள். தம்பி அவர் தோளில் சாய்ந்துகொண்டான். இவள், “கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருடமாகியும் அம்மா ஃபோனில் விடுவதில்லை.

“அவரே இறங்கி வந்துட்டார். உனக்கு என்னடி இவ்வளவு அழுத்தம்?”

“கேக்கறது அவர் இஷ்டம்னா, குடுக்கறது என் இஷ்டம்மா.”

“காலேஜுக்குப் போய் இதத்தான் படிச்சியா?”

“இதத்தான் படிக்கிறேன்.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை மதியம், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், எண்ணெய் காய்ந்த வாடை அடிக்கும் மோட்டார் அறை வாசலில் போய் நின்றாள். அவர் பழந்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, இங்கயே வந்துட்ட?”

“ஒரு கேள்வி. கட்டுரைக்கு.” சின்ன வயதில் ‘நீ’ என்று பேசியவள் இப்போது ‘நீங்க’ என்றாள். “மன்னிப்புக் கேட்டவங்கள மன்னிச்சே ஆகணும்னு நீங்க ஏன் நினைக்கிறீங்க?”

துடைத்த விரல்களையே மறுபடி துடைத்தார்.

“லிஃப்ட் கெட்டுப்போச்சு. ரிப்பேர் பண்ணியாச்சு, வெயிட் ஏத்தி டெஸ்ட் பண்ணியாச்சு, சர்டிஃபிகேட்டும் ஒட்டியாச்சு. அப்புறமும் நான் படியிலதான் போவேன்னு ஒருத்தர் சொன்னா, சரி பண்ணினவன் என்னதான் பண்ணுவான்? அடுத்த தடவ கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்னு விட்டுடுவான்ல?”

எழுதினாள். இதுவரை நோட்டில் ஏறிய எதிர்வாதங்களிலேயே இதுதான் வலுவானது என்பது எழுதும்போதே தெரிந்தது.

“இன்னொண்ணும் எழுதிக்கோ. இப்ப நீ ஏறி வந்ததே நான் சரி பண்ணின லிஃப்ட்லதான்.”

பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள். முழுதும் வாசித்துக் காட்டினாள். “இதானே சொன்னீங்க?”

“ஆமா. இனி முடிவ மாத்துவியா?”

“இதுக்குப் பதில் இப்போ என்கிட்ட இல்ல. அதுக்காக நீங்க சொல்றது சரின்னு ஆயிடாது.”

“பிடிவாதம்.”

“காரணம் காட்டிட்டா அதுக்கு வேற பேருப்பா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “என் பக்கத்தக் குறைச்சு எழுதிடாத.”

“ஒரு எழுத்து குறையாது.”

லிஃப்ட் வரை கூடவே வந்தார். பொத்தானை அழுத்தினார். மூடப்போன கதவைக் கையால் தடுத்து, அவளுக்காகத் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டைப் பைக்குள் வைத்து வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். திறந்த கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி பன்னிரண்டு மாடிப் படிகளில் இறங்கத் தொடங்கினாள்.