உடையாத ஆறு கோப்பைகள்

டெய்சியை முதன்முதலில் சந்திக்கிறவர்கள் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். விடிகாலை ஐந்து மணி, விருத்தாசலம் ஜங்ஷன் டீக்கடை வாசல். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள், நீட்டிய கையில் ஒரு பீங்கான் கோப்பை.

"புடிங்க. வண்டியில எங்க வேணா வச்சிக்கங்க, துணி மட்டும் சுத்தக் கூடாது. கச்சிராயபாளையம் அடிவாரத்துல முழுசா காட்டினாதான் மலை. உடைஞ்சிருந்தா பஸ்ஸு புடிச்சு வூட்டுக்குப் போயிடுங்க."

வாரத்தில் ஆறு நாள் அவர் பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. பியூஸ் கட்டையையும் பொம்மையையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. லாரி எந்தப் பள்ளத்தில் குதித்தால் உள்ளே எது உடையும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, ஞாயிறை முழுசாகக் கல்வராயன் மலைக்குக் கொடுத்துவிடுகிறார். மலை பார்க்க வருகிறவர்களை, வெள்ளிமலைக்கு அப்பால் பஸ் போகாத ஐந்து ஊர்களுக்கு பைக்கில் கூட்டிப் போவார். அவரோடு சேர்த்து ஆறு வண்டிகள்தான். பொழுது சாயுமுன் அடிவாரம் திரும்பிவிட வேண்டும். குளிருக்குக் கம்பெனி ஏப்ரனைச் சுடிதார் மேல் மாட்டிக்கொள்வார். வளைவில் முந்துகிறவனுக்கு ஒரே வசவு: "தலைகீழா வச்ச பெட்டி."

போன தை மாதம் அந்த வசவை அதிகம் வாங்கியவன் இஃப்திகார். துபாயிலிருந்து லீவில் வந்து புது வண்டி எடுத்திருந்தான். அன்று அவனுடையது உட்பட ஆறு கோப்பைகளும் கீறல் இல்லாமல் மலையேறின. ஐந்து ஊர்களில் முதலாவதான நாரப்பட்டில் நுழையும் இடத்தில், சிமெண்டு ரோடு முழுக்கத் தினைக்கதிர் பரப்பிக் கிடந்தது. முன்னால் போன இஃப்திகார் பிரேக் போட்டு நின்றான்.

"அக்கா, மேல ஏத்தலாமா?"

டெய்சி நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அங்கே எள்ளோ உளுந்தோ ரோட்டில் கிடந்தால், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்றுதான் அர்த்தம். ஒதுங்கிப் போனால் திட்டு விழும்.

"ஏத்துடா. அவங்களுக்கு அடிக்கிற வேலை மிச்சம்."

ஆறு வண்டிகளும் ஏறிப் போயின. நல்ல காரியம் செய்கிற நினைப்பில் டெய்சி வண்டியைத் திருப்பி இன்னொரு தடவையும் ஓட்டினார்.

அது விதைக்கதிர். விளைந்ததில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, அடுத்த விதைப்புக்குக் காயப் போட்டிருந்தது. வருகிறவர்களுக்கு மதியச் சோறு ஆக்கிப் போட்டு, அவர்கள் கொண்டுவந்த கோப்பையில் காப்பியும் ஊற்றும் பெரியநாயகியின் வீட்டுக் கதிர். அவர் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். பாதிக்கு மேல் நொய்யாகப் பறந்தது.

"இது மொளைக்குமா? நீயே சொல்லு."

"எங்க ஊர்ல ரோட்டுல போட்டா..."

"உங்க ஊர்ல போடுவாங்க. இனிமே வண்டி இந்தப் பக்கம் வர வேணாம்."

சோறு அடுப்பிலேயே இருந்தது. ஆறு கோப்பைகளும் முழுசாக, காப்பி காணாமல் திரும்பின. அன்று மாலையே ஊர் முகப்பில் ஒரு பெரிய மரக்கட்டை குறுக்கே விழுந்தது. மற்ற நான்கு ஊர்களுக்கும் நாரப்பட்டைத் தாண்டித்தான் வழி.

"வேற எடம் பாக்கலாம்க்கா. மலை என்ன அவங்க வூடா?" என்று இஃப்திகார் போனில் கேட்டான்.

"அவங்க வூடுதாண்டா" என்று சொல்லி டெய்சி போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு தனியாகக் கிளம்பினார். மலையின் சேலம் பக்கச் சரிவில் ஊர் ஊராக நின்று, ஏப்ரன் பையிலிருந்த நசுங்கிய கதிரைக் காட்டிக் கேட்டார். குட்டைக் கதிர், செம்மண் நிறம், அதே தினை வேண்டும். மூன்றாவது ஞாயிறுதான் கிடைத்தது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதிர் கதிராக வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை பானுமதி எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, இது எந்த நாட்டுக்குப் போவுது?"

"நாரப்பட்டுக்கு."

பானுமதி சிரித்துவிட்டு, 'கவனம், உடையும்' ஸ்டிக்கரைத் தானே எடுத்து ஒட்டினார்.

கட்டைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெட்டியைத் தலையில் வைத்து டெய்சி ஊருக்குள் நடந்தார். பெரியநாயகி ஒரு கதிரைக் கசக்கி ஊதினார். மணி கையிலேயே நின்றது.

"மொளைக்கட்டும், பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

விதைப்புக்கு ஆடி வர வேண்டும். வழி திறக்கும்வரை டெய்சி வேறு யாரையும் மலைக்குக் கூட்டிப் போகவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் அந்தக் கட்டை வரை போய், இறங்கி, நடந்து உள்ளே போய் வந்தார். ஆவணியில் களை எடுக்கிறவர்களோடு குனிந்து நின்றார். "பேக்கிங்காரி, அது களை இல்ல, தினை" என்று பெரியநாயகி அதட்டிய அன்றுதான், களை எடுத்து முடிந்ததும் டெய்சிக்குக் காப்பி வந்தது. அடுத்த வாரம் கட்டை கொஞ்சம் நகர்ந்திருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு போகிற அளவு இடம், ஓட்டிப் போகிற அளவு இல்லை.

இன்று ஞாயிறு, மணி பதினொன்று. டெய்சி ஐந்து வண்டிகளோடு அந்தக் கட்டையருகே நிற்கிறார். ரோட்டில் எதுவும் காயவில்லை. இன்ஜினை அணைத்து, "இங்கேர்ந்து உருட்டித்தான்" என்று தன் சாவியை ஏப்ரன் பையில் போடுகிறார். காலையில் கோப்பை கொடுத்த கை, வெறுமையாக ஐவர் முன்னாலும் நீள்கிறது. ஒவ்வொருவராகச் சாவியை அதில் வைக்கிறார்கள்.