டப்பா அக்காவின் வாசல்

"பேரு சொல்லுங்க."

வந்தவர் கைபேசியை நீட்டுகிறார். டிக்கெட்டில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அக்கா அதைப் பார்த்தபாடில்லை. "அதுல இருக்கறது எனக்கும் தெரியுது. உங்க வாயால சொல்லுங்க." அவர் சொல்கிறார். அடுத்து அடையாள அட்டை. அதற்கப்புறம்தான் டிக்கெட். மூன்றும் ஒத்துப்போனால், இடுப்பில் அணைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கி, மூடியைத் திறந்து நீட்டுவாள். உள்ளே கைவிட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் எந்த எண்ணோ, அந்த நாற்காலி. முதல் வரிசை வந்தால் அதிர்ஷ்டம். தூணுக்குப் பின்னால் வந்தால் தூண். புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை என்று விழுந்து அவர்கள் விழித்தால், "ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க, போங்க" என்று வழியனுப்பிவிடுவாள்.

டிக்கெட் கிழிக்க அரங்கத்தார் அமர்த்திய ஆள் என்று அவளை நினைத்தால் ஏமாந்துபோவோம். முதுகில் உறை போட்டுத் தொங்குவது அவளுடைய பேஸ் கிதார். வரிசை முழுக்க உள்ளே போனபின், கூட்டத்துக்கு நடுவே நடந்து மேடையேறி, ஒயரைச் செருகிக்கொண்டு தலையாட்டுவாள். அப்போதுதான் கச்சேரி ஆரம்பம். அதுவரை பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை அவளுடையது. கன்னம் வீங்கி வருகிறவனையும் பெயர் சொல்ல வைத்து, வரிசையில் உட்கார வைத்துப் பழகியவள். "வலியோட வர்றவனே பொறுமையா உக்காந்திருக்கான். பாட்டுக் கேக்க வர்றவனுக்கு என்ன கேடு?" என்பது அவள் கட்சி.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ஒரு பழைய கச்சேரி. டிக்கெட் விற்பனை தொடங்கிய சூட்டிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று குழுவே குதித்தது. அன்று மேடையேறிப் பார்த்தால் முன்வரிசைகள் காலி! பிளாக்கில் விற்கிறவர்கள் மொத்தமாக வளைத்துப்போட்டு, யானை விலை குதிரை விலை சொல்லி, வாங்க ஆளில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். உண்மையான ரசிகர்களோ மதில் சுவருக்கு வெளியே. "முன்னால நாற்காலி பல்லை இளிக்குது, வெளிய ஜனம் சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிக்குது. நாம எவனுக்குடா வாசிக்கிறோம்?" என்று பின்னறையில் அவள் போட்ட சத்தத்தில் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறந்ததுதான் இந்தச் சட்டம். எல்லா டிக்கெட்டும் ஒரே விலை. வாங்குகிறவர் பெயரில்தான் டிக்கெட். வர முடியவில்லையா, குழுவிடமே திருப்பிக் கொடுத்துப் போட்ட பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அது அதே விலைக்கு, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும். எந்த நாற்காலி என்பது வாசலில் கைவிட்டால்தான் தெரியும். "முதல் வரிசைன்னு கூவி விக்கணும்னா, முதல் வரிசை யாருக்குன்னு தெரியணும்ல? கடவுளுக்கே தெரியாது. டப்பாவுக்குத்தான் தெரியும்."

பிளாக் ஆசாமி ஒருவன் சமரசம் பேச வந்தான். "அக்கா, உங்களுக்கும் ஒரு பங்கு தந்துடறேன்." அக்கா டப்பாவைக் குலுக்கினாள். "பங்கெல்லாம் இருக்கட்டும். முதல்ல பேரு சொல்லுங்க." ஆசாமி வந்த வழியே நடையைக் கட்டினான்.

இவ்வளவு அடைத்தவள் ஒரு ஓட்டையை விட்டுவிட்டாள். வாசிக்கிறவர்களுக்குத் தலைக்கு இரண்டு இலவச பாஸ் உண்டு. மேடையை ஒட்டி, இடதுபக்கம், வீட்டு ஆட்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலிகள். அந்த பாஸில் பெயர் கிடையாது. வாசிக்கும் வாத்தியத்தின் முத்திரை மட்டும் குத்தியிருக்கும். பெயரும் போடலாமே என்று டிரம்ஸ்காரர் கேட்டார்தான். "வீட்டு ஆளுக்கு எதுக்குடா பேரு? நம்ம வீட்டுல என்ன திருடனா இருக்கான்?" என்று அவர் வாயை அடைத்தவள் சாட்சாத் அக்காவேதான். போதாக்குறைக்கு ஒரு தண்டனையும் அறிவித்தாள். எவர் பாஸ் வெளியே விலைக்குப் போகிறதோ, அவர் வீட்டுக்கு ஒரு வருஷம் ஓசி கிடையாது. சொல்லும்போது பாடகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகருக்கு மச்சான்கள் அதிகம்.

அக்காவின் பாஸில் ஒன்று தம்பிக்கு, ஒன்று அம்மாவுக்கு. அம்மாவுக்கு ஒரு காது போய்விட்டது, மற்றது போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரு கச்சேரி விடமாட்டாள். பேஸ் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பலகைத் தரையில் ஊன்றிக்கொள்வாள். மகள் கம்பியைச் சுண்டும்போதெல்லாம் தரை அதிரும். "காதுல கேக்கறதைவிட எனக்குக் கால்லதான்டி நல்லாக் கேக்குது" என்பாள். நாலு வரிசை பின்னால் போனால் அங்கே சிமென்டுத் தரை. அதிராது.

போன கச்சேரியில் ஒரு நர்ஸ் வந்தாள். வேலை முடிந்து, உடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தவள். கையில் பாஸ். யாரிடமோ டிக்கெட்டைப்போல ஆறு மடங்கு விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள். அக்கா முத்திரையைப் பார்த்தாள். பேஸ் கிதார்.

அக்காவின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. "நீங்க உள்ள போங்கம்மா. ஏமாந்தது உங்க தப்பு இல்ல" என்று நர்ஸை அனுப்பிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் பார்க்கவே கைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"வீட்லதான்க்கா. உடம்பு கொஞ்சம் சரியில்ல..."

"உன் பாஸுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. இங்க வந்திருக்கு."

"சும்மாக் கிடந்து வீணாப் போகுதேன்னு ஒருத்தன்கிட்ட..."

"காசு வாங்குனியா?"

"கொஞ்சம்தான்க்கா."

"அந்தம்மா கொடுத்தது மொத்தத்தையும் எடுத்துட்டு வா. இடைவேளைக்குள்ள அவங்க கையில இருக்கணும்."

தம்பி வந்தான். வாங்கியது சொற்பம், கொடுத்தது அதைவிடப் பல மடங்கு. நர்ஸ் கையில் பணத்தை வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

கச்சேரி முடிந்து பின்னறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாடகர்தான் நல்ல மனுஷன், "விடுங்கக்கா. தம்பி பண்ணதுக்கு அம்மா என்ன செய்வாங்க? அவங்க எப்பவும்போல முன்னால உக்காரட்டும்" என்றார்.

"உங்க மச்சான் பண்ணியிருந்தா விட்டிருப்பேனா?"

பாடகர் யோசிக்கவே இல்லை. "தோலை உரிச்சிருப்பீங்க."

"அப்புறம் என்ன?" பையிலிருந்து பேஸ் முத்திரையை எடுத்து டிரம்ஸ்காரர் கையில் கொடுத்தாள். "இனிமே பாஸுக்கும் பேரு உண்டு. எங்க வீட்டுக்கு ஒரு வருஷம் பாஸே கிடையாது." குரல் கணீரென்றுதான் இருந்தது. தம்பி மேல் வந்த கோபம் அவன் முகத்தைப் பார்த்ததும் வடிந்துவிட்டது. 'வீட்டு ஆளுக்கு எதுக்குப் பேரு' என்று தான் சொன்னதுதான் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் விஷயத்தைச் சத்தமாக, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அவ்வளவுதானே? டிக்கெட் வாங்கிட்டாப் போச்சு. தூண் வந்தா தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறேன்" என்றாள் அம்மா.

இன்று வரிசை தெருமுனை வரை நீள்கிறது. நடுவில், கைப்பையை மார்போடு அணைத்தபடி அம்மா. டிரம்ஸ்காரர் பூனைபோல வந்து அக்காவின் காதில் கிசுகிசுக்கிறார். "ஒரே ஒரு முன்வரிசைச் சீட்டைக் கைக்குள்ள வச்சுக்கோங்க. யாருக்குக்கா தெரியும்?"

"டப்பாவுக்குத் தெரியும்டா. போய் உன் டிரம்ஸைப் பாரு."

வரிசை நகர்கிறது. அம்மா முன்னால் வந்து நிற்கிறாள்.

"பேரு சொல்லுங்க."

"ஏன்டி, பெத்தவ பேரு தெரியாதா உனக்கு?"

பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் காதுக்கு எட்டும்படி குனிந்து, "தெரியும்மா. நீ சொல்லணும்" என்கிறாள்.

அம்மா நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி தன் முழுப் பெயரையும் சொல்கிறாள். அட்டை சரி. டிக்கெட் சரி.

அக்கா டப்பாவைக் குலுக்குகிறாள். எல்லோருக்கும் ஒரு குலுக்கு. இது நின்றபாடில்லை. மேலும் கீழுமாக, இப்படியும் அப்படியுமாக, உள்ளே சீட்டுகள் சலசலக்க, குலுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"போதும்டி, எல்லாம் தூளாயிடப் போகுது" என்று அம்மா கையை நீட்டுகிறாள்.

அக்கா மூடியைத் திறந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, டப்பாவை நீட்டுகிறாள்.