குடையைப் பற்றிய எட்டு வரிகள்

அப்பாவின் நினைவு மலருக்குள் இரண்டாய் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. தட்டச்சில் அடித்த எட்டு ஆங்கில வரிகள், கீழ்ப்பாதியில் வட்டமாய் ஒரு தேநீர்க் கறை. கறை என்னுடையது. வாசித்த கோபத்தில் கோப்பையை அதன்மேலேயே வைத்தேன்.

வெக்ஸ்போர்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில், எங்களுக்கு நேர்மேல் வீட்டில் ஓர் அமெரிக்கர் இருந்தார். நகைச்சுவைக் கவிஞர். இருபது வயதில் போருக்குப் போகமாட்டேன் என்று எல்லை தாண்டி இந்தப் பனி நாட்டுக்கு வந்தவர். பிறகு வாழ்த்து அட்டைகளுக்குப் பகிடி வரிகள் எழுதியே சீவித்தார். நாலு மெலிந்த புத்தகங்கள் போட்டிருந்தார். தொலைந்த காலுறை, பல்கனிப் புறா, தன் வழுக்கைத் தலை என்று அவர் பாடாத அற்ப விஷயம் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுக் கவிதை ஒன்றைக் கட்டடத்தில் எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில் ஒட்டிவிடுவார். நான் அங்கே நின்று சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உதெல்லாம் ஒரு கவிதையோ என்று கேட்பேன். அவ்வளவு பெரிய இலக்கியக்காரன் நான்.

அப்பாவுக்கு அவரை நல்லாய்ப் பிடிக்கும். அப்பா பனி கொட்டும்போதும் குடை பிடித்துத்தான் வெளியே போவார். கட்டடமே பார்த்துச் சிரிக்கும், எனக்கு மானம் போகும். கேட்டால், "வானத்திலையிருந்து விழுறது எதெண்டாலும் தலையிலதானே விழும்" என்பார். அமெரிக்கர் மட்டும் அந்தக் குடைக்குள் புகுந்துகொண்டு பஸ் தரிப்பிடம்வரை கூடப் போவார். ஒருவன்மேல் இரக்கப்பட ஒரு நிமிடம் காணும், அவனைப் பற்றி நல்ல பகிடி எழுத ஒரு வருடமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டினேன், விளங்கவில்லை.

அப்பா காலமானபோது முப்பத்தோராம் நாளில் சனத்துக்குக் கொடுக்க மலர் அடித்தோம். எங்கள் வழக்கம் தெரிந்ததுதான்: தேவாரம், வம்சாவழி, பிறகு மனைவி, மக்கள், மருமக்கள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு புலம்பல். புலம்பலை அச்சகக்காரர் எழுதுவார், பெயரை நாங்கள் கொடுப்போம். என் புலம்பலையும் அவர்தான் எழுதினார். அமெரிக்கர் நாங்கள் கேளாமலே இந்தத் தாளைக் கொண்டுவந்து தந்தார். சொர்க்கம் மேகத்துக்கு மேலே, அங்கே மழையுமில்லை பனியுமில்லை, ஆனாலும் இந்த மனிதர் குடையோடுதான் போயிருப்பார் என்று முதல் நாலு வரியும் இருந்தன. எனக்கு விசர் வந்தது. அதற்குமேல் வாசிக்கவில்லை. அண்ணையிடம் நீட்டினேன். "செத்தவீட்டுப் புத்தகத்திலை பகிடியோ? சனம் காறித் துப்பும்" என்றார். அச்சகத்தில் ஆயத்தமாய்க் கிடந்த ஆங்கில இரங்கற்பா ஒன்றை எடுத்து, அதன்கீழே அமெரிக்கரின் பெயரைப் போடச் சொன்னேன். எல்லாருக்கும் செய்வதைத்தானே அவருக்கும் செய்கிறோம் என்றிருந்தது.

முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். மலரைப் புரட்டித் தன் பெயரைக் கண்டுபிடித்தார். அணைந்த விளக்கு, கண்ணீர்க் கடல் என்று போன அந்தப் பாட்டை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "இதை எழுதியவருக்கு உன் அப்பாவைத் தெரியாதுபோல" என்று மெல்லச் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. நான் பாயசம் எடுத்துவருகிறேன் என்று எழுந்தவன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு திங்கட்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கப் போவதையே விட்டுவிட்டேன்.

போன மாரியில் அவரும் போய்விட்டார். கட்டடத்துக் கூட்ட அறையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கொரு கவிதை, அவர் எழுதியதாய்ப் பார்த்துக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் தாளை எடுத்து, கறைக்குள் கிடந்த மிச்ச நாலு வரியையும் வாசித்தேன். குடை இந்த மனிதருக்கில்லை, அந்தச் சொர்க்க வாசலில் யாராவது நனைந்துபோய் நின்றால் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளத்தான், முன்பு என்னைச் சேர்த்துக்கொண்டதுபோல என்று முடிந்திருந்தது.

கூட்டத்தில் எட்டு வரியையும் வாசித்தேன். முதல் நாலுக்குச் சிரித்தார்கள், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி, அவருடைய நாலு புத்தகமும் தன்னிடம் இருப்பதாகவும் இதைக் கண்டதேயில்லை என்றும் சொன்னாள். எதிலும் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

தாளை மறுபடி மலருக்குள், அவர் பெயர் போட்ட பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் என் பெயரில் அச்சகக்காரர் அழுத அழுகை இருக்கிறது.