ராஜவேல் வீட்டுக் கதவு

சிதம்பரத்தில் அந்தப் பழைய வீட்டை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகியும், சொந்தக்காரராக நடந்துகொள்ள ராஜவேலுக்கு வரவில்லை. ஓடு மாற்றுவதென்றாலும், கொல்லையில் பட்டுப்போன முருங்கையை வெட்டுவதென்றாலும், சென்னையிலிருக்கும் ஸ்ரீதருக்குப் போன் போடுவார். “சார், நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்பார். வீட்டை விற்றவர்தான் ஸ்ரீதர். ஆரம்பத்தில் அவர், “உங்க வீடு, உங்க இஷ்டம்” என்றுதான் சொன்னார். கேட்கக் கேட்க அவருக்கும் பழகிவிட்டது. யோசனை சொல்லத் தொடங்கினார். பிறகு அது உத்தரவு மாதிரியே ஆகிவிட்டது.

ராஜவேலின் அப்பா பக்கிரி, ஸ்ரீதர் குடும்பத்து நிலத்தில் பண்ணை வேலை பார்த்தவர். அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்த டவுன் வீட்டுக்கு வருவார். கொல்லைப்பக்கம் இறக்கிவிட்டு, கொல்லைப்பக்கமே திரும்பிப் போவார். முன்வாசல் கதவை அவர் தெருவில் நின்றுதான் பார்த்திருக்கிறார். மகன் ராஜவேல், அண்ணாமலை நகரில் எம்.காம். முடித்து, பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போனார். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தினமும் காலையில் கடலூர் பஸ்ஸைப் பிடித்து இருட்டும் நேரத்தில் திரும்புகிற ராஜவேல், இந்த வீடு விலைக்கு வந்ததும் வேறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை.

வீட்டை இடித்துக் கட்டாமல் புதுப்பிக்கலாம் என்று முடிவானது. சுவர்கள் பூசியாயிற்று, தரையும் போட்டாயிற்று. கடைசியில் நின்றது மர வேலைதான். முன்வாசலில் குமிழ் வைத்த இரட்டைக் கதவு, கூடத்தில் நாலு தூண், ஆறு ஜன்னல். எல்லாம் தேக்கு. எண்ணெயும் புகையும் ஏறிக் கரிக்கட்டையாய்க் கிடந்தன.

“வெளிர் நீலத்துல பெயின்ட் அடிச்சிடலாங்க. கூடம் பகல்லயே இருட்டா கெடக்கு” என்றார் மனைவி வெண்மதி. அவர் பள்ளிக்கூட டீச்சர்.

“தேக்குல போயி யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? பாலிஷ்தான் போடணும்.”

“உங்களுக்குப் புடிச்சிருக்கா, இல்ல அவரு சொன்னாரா?”

கிரயம் முடிந்த அன்றே ராஜவேல் ஸ்ரீதரிடம் வாக்குக் கொடுத்திருந்தார், மரத்தில் கை வைப்பதில்லை என்று. பெயின்டர் கலியமூர்த்தி நாலு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதரே வந்துவிட்டார். கோயிலுக்கு வந்தவர், வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க நுழைந்தார். கூடத்தில் இரண்டே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் ராஜவேல், இன்னொன்றில் பக்கிரி. பக்கிரி பார்த்த உடனே எழுந்து தூணோரம் போய்விட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ராஜவேல் அதைப் பிடித்து நிமிர்த்தி, கையால் தட்டித் துடைத்து, “உக்காருங்க சார்” என்றார்.

ஸ்ரீதர் உட்கார்ந்தார். ராஜவேலும் உட்கார்ந்தார்.

“என்ன பக்கிரி, நல்லா இருக்கியா?”

“இருக்கேங்க சின்னய்யா.”

ஸ்ரீதருக்கு ஐம்பது வயதிருக்கும். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். மகனிடம் திரும்பியபோது “நீங்க” வந்துவிட்டது. “கதவுல பெயின்ட் கியின்ட் அடிச்சிடாதீங்க ராஜவேல். எங்க தாத்தா பர்மாலேர்ந்து வரவழைச்ச மரம்.”

“சேச்சே, அடிப்பனா சார்? நீங்க இருக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருப்பேன்.”

வெண்மதி டீ கொண்டுவந்தார். மாமனார் நிற்பதைப் பார்த்தார். டீத்தட்டை அப்படியே ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து, சத்தமாகவே போட்டார். “மாமா, உக்காருங்க.”

“பரவால்லம்மா. நிக்கிறேன்” என்று பக்கிரி தூணைப் பிடித்துக்கொண்டார்.

ராஜவேலுக்குக் காது சுட்டது. ‘உக்காருப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அல்லது தானும் எழுந்து நின்றிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. டீயைக் குடித்தார். கடலூருக்கு ரோடு அகலப்படுத்துவதைப் பற்றி ஸ்ரீதர் பேச, ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டினார். ஸ்ரீதர் போனபிறகு வெண்மதி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு, அப்பா தூணைப் பிடித்து நின்றதுதான் கண்ணில் நின்றது. ஆபீசில் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் முன்னால் வந்து நின்றால் “உக்காந்து பேசுங்க” என்பவர் அவர். அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தார். அன்று யாரோ பைலோடு வந்து நிற்க, அந்த வார்த்தையைச் சொல்ல வாய் கூசியது.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியிலேயே கலியமூர்த்திக்குப் போன் போட்டு, “இன்னிக்கே வாங்க. கதவு, தூணு, ஜன்னலு, எல்லாத்துலயும் பெயின்ட் அடிச்சிடுங்க” என்றார்.

வெண்மதி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஒரு கதவு நீலமாகியிருந்தது. கதவையும் தூணையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததோடு சரி, பிரைமர்கூட அடிக்கவில்லை. ராஜவேலே ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தூணை நெருங்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் பெயின்ட்.

“நிறுத்துங்க” என்றார் வெண்மதி. “அவரு சொன்னாருன்னு அடிக்காம இருந்தீங்க. இப்ப அவரு மேல கோவத்துல அடிக்கிறீங்க. நமக்குப் புடிச்சத எப்பதாங்க செய்யப்போறோம்?”

கலியமூர்த்தி பீடி பிடிக்கும் சாக்கில் வெளியே போய்விட்டார். ராஜவேல் பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். அவமானம் நேற்றைவிட ஜாஸ்தியாக இருந்தது. நேற்றாவது அடுத்தவர் ஒருத்தர் எதிரே இருந்தார். இன்று யாருமே இல்லை. இருந்தும் ஸ்ரீதரை நினைத்துத்தான் இத்தனையும்.

அதன்பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்கள். தேய்த்த இடத்தில் தூணின் நிறம் தேன்போல வெளியே வந்திருந்தது. அது வெண்மதிக்கே பிடித்துப்போயிற்று. தூண்களுக்கு வார்னிஷ், கதவுக்கும் ஜன்னலுக்கும் நீலம் என்று முடிவானது. அவசரத்தில் அடித்ததைச் சுரண்டி, பிரைமர் வைத்து, கலியமூர்த்தி முதலிலிருந்து செய்து கொடுத்தார். ஸ்ரீதருக்கு யாரும் போன் போடவில்லை.

வேலை முடிந்தபிறகு ஒரு நாள் காலையில், பக்கிரி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜவேல் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“அப்பா, அன்னிக்கி நீ நின்னுட்டிருந்தப்ப நான் உக்காந்திருந்தது தப்புப்பா.”

பக்கிரிக்கு எதைச் சொல்கிறானென்று முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தார். “அட, அதுவா? எனக்குச் சந்தோசமால்ல இருந்துச்சு. அவுங்க வூட்டுப் புள்ளைக்கு நேரா, காலுமேல காலு போடாத கொறையா நீ உக்காந்திருந்த. அதப் பாத்துக்கிட்டுதான் நின்னேன். கால்கூட வலிக்கல.”

அப்பா திட்டியிருந்தால் ராஜவேல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். தானும் ஒரு நாற்காலிக்கு உரியவர்தான் என்று இந்த மனிதருக்கு இத்தனை வயதிலும் தோன்றவில்லை. அன்றைக்கு மகனும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

“எந்திரிப்பா, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார் பக்கிரி. அப்பா நாற்காலியில் இருக்க, ராஜவேல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.