கிளிக் கூண்டின் தாள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு பச்சைக்கிளி வளர்த்தார். வளர்த்தார் என்பதைவிடக் கொண்டாடினார் என்று சொல்லலாம். வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதற்கு வறுத்த கச்சான் கடலையை உரித்து ஊட்டுவார். நெய்ச்சோறும் உண்டு. கிளி ஒருமுறை தும்மியதற்கு லீவு போட்டுவிட்டு, மருந்து கொடுக்கும் டிரெசர் வீட்டுக்கு ஓடினார். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் எட்டு மாத மகள் காய்ச்சலில் அனலாய்க் கிடந்தபோது, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவரும் அவர்தான். ஞாயிறுவரை அவள் இருக்கவில்லை.

என்னை 'அம்மா' என்று கூப்பிட அந்தக் கிளியைப் பழக்கியிருந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூண்டைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரு நாள், கிளியை எங்களுக்கு விற்ற கிள்ளான்காரர் அந்தப் பக்கம் வந்தவர், கூண்டின் அடித்தாளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எச்சத்துல வெள்ளையா இருக்க வேண்டியது பச்சையா இருக்கு பாருங்கக்கா. ஈரல் கெட்டுப்போச்சு. மூக்கும் நீண்டுடுச்சு. கச்சான், நெய் எல்லாத்தையும் நிறுத்திட்டுக் கீரையும் பழமும் குடுங்க, பொழச்சிக்கும். அண்ணன்கிட்ட மறக்காம சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. தினமும் அவர் வீடு திரும்புவதற்குள் தாளை மாற்றிவைத்தேன். மூக்கு நீண்டதும் வயிறு உப்பியதும் தன் தீனியின் மகிமை என்று அவர் பூரித்தார். "இப்பதான் உனக்கு இதுமேல பாசம் வந்திருக்கு" என்று என்னை மெச்சவும் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அதன் பிறகு கச்சானை நானே வறுத்துக் கொடுத்தேன்.

கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் கண்மூடி உட்கார ஆரம்பித்தது. பேச்சு நின்றது. பிறகு கம்பியில் நிற்க முடியாமல் கீழே விழுந்தது. இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து செத்தது. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

துக்கம் விசாரிக்க வந்த கிள்ளான்காரர், "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அக்காகிட்ட சொன்னேனேண்ணே" என்றார். அவர் போனதும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நெசமாவா?"

"ஆமா. எம்புள்ளைக்கு ஓடாத ஆளு, கிளிக்கு மட்டும் ஓடினீங்களே."

அவர் செத்த கிளியை மடியில் வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தார். அழுகைக்கு நடுவிலேயே சொன்னார்.

"அது பொட்டப்புள்ளதானேடி."

கிளியைச் சாகவிட்ட உறுத்தல் அதுவரை எனக்குள் கொஞ்சம் இருந்தது. அத்தோடு அதுவும் போயிற்று.